பன்னிரண்டு கானமயில்

வனத்துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக "என் பணிக்காலச் சாதனைகள்" என்று எழுதித் தரச் சொல்லி உங்கள் பயிற்சி நிலையத்திலிருந்து கேட்டிருந்தார்கள். பத்துப் பக்கம் வேண்டுமாம். என் சாதனைகளைப் பெரிய எழுத்தில் இடம்விட்டு எழுதினாலும் அரைப் பக்கம் தாண்டாது. அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். அது தாராளமாக நீளும்.

எழுபதுகளின் நடுவில் என்னைத் திருப்பூருக்கு ரேஞ்சராகப் போட்டார்கள். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். உத்தரவைப் பார்த்ததும் என் மாமனார், "அங்க காடு இருக்கா மாப்பிள்ளை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தெருவுக்குத் தெரு பனியன் பின்னுகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்த அந்த ஊரில் நான் பார்த்த ஒரே கொடிய விலங்கு, கம்பெனி முதலாளிகள் கேட்டில் கட்டி வைத்திருந்த அல்சேஷன் நாய். அதையும் பாதுகாக்கச் சொல்லி எனக்கு உத்தரவு எதுவும் வரவில்லை.

வந்த உத்தரவு வேறு. காட்டுயிர்களைக் காப்பதற்கான சட்டம் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. நாலு வருடம் முன்புவரை துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்துச் சுடச் சொன்ன அதே சர்க்கார், இப்போது மிச்சம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிச் சொல்லச் சொன்னது. எங்கள் பங்குக்கு வந்த உயிர் கானமயில். மயில் என்று பெயர் இருப்பதால் தோகையைத் தேடாதீர்கள். இடுப்புயரம் நிற்கும், ஆள் பாரத்தில் கால்வாசி இருக்கும், மேய்ச்சல் நிலத்தில் நெடுநெடுவென்று நடந்து போகும் பறவை. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை, அதையும் வெறும் தரையில் வைக்கும். இப்படிப் பிழைக்கத் தெரியாத பறவை அழியாமல் என்ன செய்யும் என்று எங்கள் ஆபீஸ் கிளார்க்கே சொன்னார்.

எண்ணுவதற்கு எங்கள் மாவட்ட வன அதிகாரியே நேரில் வந்தார். டி.எஃப்.ஓ. என்று எல்லோரும் சொல்வோம், நானும் அப்படியே சொல்கிறேன். நல்ல படிப்பாளி. முந்தைய வாரம் முழுக்க கானமயிலைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருந்தார். ஜோடி சேரும் காலத்தில் ஆண் பறவை கழுத்துப் பையைக் காற்றால் ஊதி வெள்ளை வெளேரென்று தொங்கவிடும், ஒரு மைலுக்கு அப்பாலிருந்தே தெரியும் என்று ஜீப்பில் வரும்போதே எனக்குப் பாடம் நடத்தினார். ஒரு மைலுக்கு அப்பாலிருந்தே தெரிகிறதை எதற்காகக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்? பல்லடம் போகும் ரோட்டில் அருள்புரத்துக்கு அந்தாண்டை ஒரு மேட்டில் ஜீப்பை நிறுத்தினோம். அவர் காலில் புது பூட்ஸ், கீழே முள். பைனாகுலரை எடுத்தார்.

"அதோ பாரய்யா! ஊதுது, சுருங்குது, மறுபடி ஊதுது. புக்ல போட்டிருக்கிற மாதிரியே இருக்கு! எண்ணிட்டேன், பதினொண்ணு!"

நானும் வாங்கிப் பார்த்தேன். தூரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. காற்றடித்தபோது உப்பியது, காற்று நின்றபோது சுருங்கியது. ஒன்றுகூட இடம் மாறவில்லை. பதினொரு ஆண் பறவைகள் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் பார்த்துக் கழுத்தை ஊதுகின்றனவே, கட்டளை போட்ட போலீஸ்காரன் யார் என்று எனக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டேன். மேலதிகாரி சந்தோஷமாக இருக்கும் நாள் நம் துறையில் அபூர்வம், அதைக் கெடுப்பானேன்? படிவத்தில் "பதினொன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் தட்டிக் கொடுத்தார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். ரோட்டிலிருந்து இறங்கி, முள்ளில் வேட்டியைக் கிழித்துக்கொண்டு நடந்தேன். நம் பதினொரு கானமயிலும் அங்கேதான் இருந்தன. ஆவாரஞ்செடிகளின் மேல் ஒவ்வொன்றாக விரித்துப் போட்ட, வெளுத்த பனியன் துணி. அந்தத் துணி வட்டமாகப் பை போலத்தான் பின்னப்பட்டு வரும். காற்று உள்ளே புகுந்தால் உப்பும். பக்கத்தில் ஒருவர் அடுத்த ஈடு துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். பெயர் காதர் பாய். அங்கே ஒரு சின்ன சலவைப் பட்டறை வைத்து, கம்பெனிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுப்பவர்.

"நேத்து ஜீப்புல வந்து ரொம்ப நேரமா துணியவே பாத்துட்டிருந்தீங்களே சார், வரி போடறதுக்குங்களா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். பிழிந்த துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நெசமான பறவை ஒண்ணு இருக்குதுங்க சார். வாங்க, காட்டறன்" என்று அழைத்துப் போனார்.

அந்த இடம் ராமாத்தாளின் கொறங்காடு. கிளுவை முள்ளை உயிர்வேலியாக வளர்த்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை விட்டு மாடு மேய்க்கிற சொந்த நிலத்தைத்தான் அந்தப் பக்கம் கொறங்காடு என்பார்கள். அதன் ஒரு மூலையில் துணி காயப்போட பாய்க்கு இடம் விட்டிருந்தார் ராமாத்தாள். அவருக்கு என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. கணவர் இல்லை. ஏழு மாடும் இந்த நிலமும்தான் பிழைப்பு. நிலத்தில் கொழுந்தனாருக்கும் பங்கு இருந்தது.

நாங்கள் போனபோது அவர் வேலிப் படலருகே நின்று, சத்தம் போடாதீர்கள் என்று கையைக் காட்டினார். எண்பதடி தள்ளி, புல்லோடு புல்லாக ஒரு பெட்டைக் கானமயில் உட்கார்ந்திருந்தது. அவர் காட்டியிருக்காவிட்டால் நான் அதை மிதித்திருப்பேன்.

"ஒரே முட்டைங்க. உக்காந்து பத்து நாளாச்சு. இன்னும் ரெண்டு வாரமாச்சும் ஆகுமுங்க குஞ்சு வர்றதுக்கு. அது உக்காந்ததுல இருந்து மாட்ட இந்தப் பக்கம் உடறதே இல்லீங்க" என்றார்.

"மற்ற நாளிலும் மாடு விடாமல் இருந்தால் நல்லதில்லையா?" என்று என் படிப்பைக் காட்டினேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. "ஏனுங்க, மாடு மேஞ்சாத்தானுங்க புல்லு கட்டையா இருக்கும். புல்லு ஒசந்துருச்சுன்னா அது இந்தப் பக்கமே எட்டிப் பாக்காது. நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியோணுமுங்க அதுக்கு."

வனக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்ததில் இந்த மூன்று வரி எந்தப் பாடத்திலும் வரவில்லை. அந்தப் பறவையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நேற்று அதன் பெயரால் பதினொரு துணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவன் நான் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

இதை டி.எஃப்.ஓ.விடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் மேலிடம் என்னை முந்திவிட்டது. நாங்கள் கடன் கேட்டு எழுதினால் ஆறு மாதம் பதில் சொல்லாத சர்க்கார், பதினொரு கானமயில் என்றதும் நாலே நாளில் ஒரு பாதுகாப்புத் திட்டம் அனுப்பியது. நிலத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. ஆடு மாடு நுழையத் தடை. துணி காயப்போடத் தடை. பறவைகளுக்கு நிழல் வேண்டுமல்லவா, அதற்காக நிலம் முழுக்க வரிசையாக மரக்கன்று. சென்னையிலிருந்து மிகப் பெரிய அதிகாரி ஒருவர் அடுத்த வாரம் வந்து பறவைகளைப் பார்வையிட்டு, நிலத்தின் நட்ட நடுவில் முதல் கன்றை நடுவார். அவர் வந்து போன மறுநாளே குழி வெட்ட ஆட்கள் இறங்குவார்கள். நட்ட நடு எது தெரியுமா? அந்தப் பெட்டை உட்கார்ந்திருந்த இடம். திறந்த வெளியில் மட்டுமே வாழத் தெரிந்த ஒரு பறவையை அதன் இடத்திலிருந்து விரட்ட எதிரிகள் கூடி யோசித்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமான திட்டம் கிடைத்திருக்காது.

ஓடினேன் டி.எஃப்.ஓ.விடம்.

"சார், அது பனியன் துணி."

"எது?"

"பதினொண்ணும் சார். நெசமா இருக்கிறது ஒரே ஒரு பெட்டை. முட்டையோட உக்காந்திருக்கு."

அவர் பேனாவை மூடி வைத்தார். "படிவத்தில எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"கையெழுத்து?"

"என்னுதுதான் சார்."

"அப்போ அது துணியா பறவையான்னு நீயே முடிவு பண்ணு. துணின்னு எழுதிக் கொடுத்தா திட்டம் ரத்தாகும், உன் மேல விசாரணை வரும். எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், இந்தத் துறையில மேல போன நம்பர் கீழ இறங்கி வந்து நான் பார்த்ததில்ல."

எவ்வளவு நல்ல மனிதர் பாருங்கள், எண்ணியது யார் என்பதை மட்டும் அவர் கேட்கவேயில்லை.

ராமாத்தாளிடம் போய்த் திட்டத்தைச் சொன்னேன். மரம் நடப் போகிறார்கள் என்றதும் முகம் சுண்டிவிட்டது. ஆனால் சர்க்கார் இந்த இடத்தைக் காப்பாற்றும் என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"என்ற கொழுந்தனாரு இத நூல் மில்லுக்காரங்களுக்குக் குடுத்தர்லாம்னு சொல்லிட்டிருக்கறாருங்க. பறவைக்கு ஒதுக்குன எடம்னு கவருமெண்டுல ஒரு காயிதம் குடுத்தா அவரு விக்க முடியாதல்லங்க? மரம் வேண்டாமுங்க, வேலியும் வேண்டாம். காயிதம் மட்டும் வாங்கிக் குடுங்க, புண்ணியமாப் போகும்."

"ஆகட்டுங்க" என்றேன். எனக்கு அப்போது இருந்த கவலை அந்த முட்டை மட்டும்தான். நாலு ஜீப்பும் நாற்பது ஆளும் உள்ளே இறங்கினால் பறவை எழுந்து போய்விடும், திரும்பி வராது. முதலில் அதிகாரியை உள்ளே விடக் கூடாது, குழி வெட்ட வருகிறவர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வராதீர்கள் என்று சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஒரு வழி தோன்றியது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது.

காதர் பாயிடம் போனேன். "பாய், அன்னைக்குப் போட்ட மாதிரியே பதினொரு துணி வேணும். முட்டைக்கு எதிர்ப்பக்கம், ரோட்டுலேர்ந்து தெரியற மாதிரி போடுங்க."

அவர் இந்த முறை சிரிக்கவில்லை. "சார், உங்க நல்ல மனசு புரியுதுங்க. ஆனா இன்னிக்கு ஒரு நாளைக்குப் போட்டா, நாளைக்கும் வந்து கேப்பாங்க. அப்புறம் தெனமும் நான் காயப்போட்டுட்டே இருக்கோணுமுங்க."

"இந்த ஒரு தடவை மட்டும் பாய். முட்டை பொழைக்கணும்."

"செரிங்க" என்றார் அரை மனதோடு.

ராமாத்தாளிடம் இதைச் சொல்லவில்லை. அதிகாரிகள் ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், நீங்கள் முட்டைப் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். பாய் துணி போடுவது அவருக்குத் தினமும் பார்க்கிற காட்சி.

பெரிய அதிகாரி வந்தார். அவருக்குப் பின்னால் நாலு ஜீப், அவற்றுக்குப் பின்னால் மாலையோடு உள்ளூர்ப் பிரமுகர்கள். ரோட்டு மேட்டில் ஓடிப்போய் முன்னால் நின்றேன். "ஐயா, இதற்கு மேல் போனால் எல்லாம் பறந்துவிடும். இங்கிருந்தே நன்றாகத் தெரியும்" என்றேன். டி.எஃப்.ஓ. என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். புரிந்துகொண்டார். "ஆமா சார், ரொம்பக் கூச்சமுள்ள பேர்ட்" என்று அவரும் சேர்ந்து பாடினார்.

அந்த நேரம் பார்த்து நல்ல காற்று அடித்தது. பெரிய அதிகாரி பைனாகுலரில் கண்ணை வைத்தார். "மேக்னிபிசன்ட்!" என்றார். எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ரிப்போர்ட்ல பதினொண்ணுதானே போட்டிருக்கீங்க? பன்னெண்டு இருக்கே!" என்றார்.

 பிறகு விசாரித்தபோது பாய், "ஒரு உருப்படி மிச்சம் இருந்துதுங்க சார், ஈரமாவே வெச்சா கறை புடிக்குமேன்னு சேத்திப் போட்டுட்டன்" என்றார். அவர் தொழில் பக்தியை நான் எப்படிக் குறை சொல்வது?

ஆனால் அந்தப் பன்னிரண்டாவது துணிதான் அன்று காரியத்தை முடித்தது. பெரிய அதிகாரி ஒரு நிமிடம் யோசித்தார். வேலி இல்லை, மரம் இல்லை, இரண்டே வாரத்தில் ஒன்று கூடியிருக்கிறது. தானாகவே பெருகுகிற இடத்துக்குத் திட்டம் எதற்கு, இதை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிடலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். மரக்கன்றை ரோட்டோரம் நட்டார். அதற்கு ஆடு மேய்க்கும் ஒரு கிழவர் தண்ணீர் ஊற்றுவதாக ஒப்புக்கொண்டார். என்னிடம் திருத்திய படிவம் நீட்டப்பட்டது. "பன்னிரண்டு" என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தில் இருநூறு என்று சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன்.

அந்தப் பெட்டையை நான் முதலில் பார்த்ததிலிருந்து பதினாறாம் நாள் பாய் ஆபீசுக்கே வந்து, "சார், வாங்க" என்றார்.  இரண்டு பேரும் சைக்கிளில் போனோம். தாய்க்குப் பின்னால் மண் நிறத்தில் ஒரு குஞ்சு, நடக்கத் தெரியாமல் நடந்து, விழுந்து, எழுந்து போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாய் பெரிய மனுஷர், வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ராமாத்தாள் மட்டும், "காயிதம் எப்பங்க வரும்?" என்று கேட்டார். வரும் என்றேன்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல கதை. உங்கள் பயிற்சி நிலையத்துக்கும் பிடிக்கும். சமயோசிதமாக ஓர் உயிரைக் காப்பாற்றிய ரேஞ்சர் என்று தலைப்புகூடப் போடலாம். பல வருடம் நானே அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். பறவைக்காகப் பொய் சொன்னேன் என்று சொல்லும்போது குரல்கூடக் கொஞ்சம் தழுதழுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். துணி என்று உண்மையை எழுதியிருந்தால் டி.எஃப்.ஓ. சொன்னபடி திட்டம் ரத்தாகியிருக்கும். அதிகாரி வந்திருக்க மாட்டார், குழி வெட்டியிருக்க மாட்டார்கள், முட்டை பிழைத்திருக்கும். எனக்கு மட்டும் விசாரணை வந்திருக்கும். ஆக நான் காப்பாற்றியது என்னைத்தான். முட்டை போகிற போக்கில் தானும் பிழைத்துக்கொண்டது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஓய்வு பெற வேண்டியிருந்தது.

நாலு வருடம் போயிற்று. தாயும் குஞ்சுமாக அந்த இரண்டு பறவைகள் ஒவ்வொரு வருடமும் அந்தக் கொறங்காட்டுக்கு வந்தன. அக்கம்பக்கத்துக் கொறங்காடுகள் ஒவ்வொன்றாக மில்லாகவும் பட்டறையாகவும் மாறிவிட்டன. ஒருநாள் ராமாத்தாள் பஸ் ஏறி ஆபீசுக்கு வந்தார். கொழுந்தனார் விலை பேசி முடித்துவிட்டாராம். "இப்பவாச்சும் அந்தக் காயிதத்தக் குடுங்க" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு ரோஷம் வந்தது. உட்கார்ந்து எழுதினேன். அங்கே இருப்பது இரண்டே பறவைகள், முன்பு நான் எண்ணி எழுதியவை பனியன் துணி, என்மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள், அந்த நிலத்தை மட்டும் காப்பாற்றுங்கள் என்று எழுதி அனுப்பினேன். பதில் சீக்கிரமே வந்தது. அன்று ராமாத்தாளும் வந்திருந்தார், அவருக்குப் படிக்கத் தெரியாது, என்னை வாசிக்கச் சொன்னார்.

எண்ணிக்கை குறையும் இடங்களுக்கே முன்னுரிமை என்று போட்டிருந்தது. மேற்படி இடத்தில் பதினொன்று பன்னிரண்டாக உயர்ந்திருப்பதால் பாதுகாப்பு எதுவும் தேவைப்படவில்லை. பனியன் துணி குறித்த ரேஞ்சரின் விளக்கம் ஆவணங்களோடு பொருந்தவில்லை. ஆதாரமாகப் படிவத்தின் நகலை இணைத்திருந்தார்கள், அடியில் என் கையெழுத்து. விசாரணை எதுவும் இல்லை. பனியன் துணி பற்றிய வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

ராமாத்தாள் கவனமாகக் கேட்டார். 

"அப்ப பன்னண்டு இருக்குதுங்களா? எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். "வெள்ளிக்கெழம டிராக்டர் வருதுங்க, புல்ல அல்லாம் பெரட்டிருவாங்க. அந்தப் பன்னண்டும் எந்தக் காட்டுல இருக்குதுன்னு சொன்னீங்கன்னா, இந்த ரெண்டையும் மெதுவா ஓட்டிட்டுப் போயி அதுகளோட சேத்தி உட்டுட்டு வந்தர்றனுங்க."

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் இடத்தைச் சொல்வேன் என்று என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.